அந்த 42 நாட்கள் யார் பொறுப்பு?

போர்ட் பிளேயர் நகரை ஒட்டிய பத்துபஸ்தியில் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் குடும்பத்தில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரசவம் பெரும்பாலும் அரசு மருத்துவமனையில்தான் நடக்கும். 2011 முதல் நடைமுறையில் இருக்கும் ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி பிரசவமும் மருந்தும் இலவசம். சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், அறுவை சிகிச்சை என்றால் ஏழு நாள் உணவும் இலவசம். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட வாகனமும் உண்டு. வாகனம் திரும்பிப் போகிறது. அரசின் கவனமும் பெரும்பாலான இடங்களில் அதோடு திரும்பிப் போய்விடுகிறது.

மருத்துவமனைப் பிரசவம் ஒரு சாதனைதான். 2005-06இல் நாட்டில் நடந்த பிரசவங்களில் 38.7 சதவீதம் மட்டுமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019-21இல் அது 88.6 சதவீதம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதம். ஆனால் 2021ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 27 பேர் ஒரு வயதை எட்டுவதில்லை. அந்த 27 பேரில் 19 பேர் முதல் 28 நாட்களுக்குள்ளாகவே இறக்கின்றனர். அவர்களிலும் பெரும்பகுதியினர் இறப்பது முதல் வாரத்தில். அதாவது, மருத்துவமனை தாயை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் அதே நாட்களில். ஆபத்து மிகுந்த அந்நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, தையல் ஆறாத ஒரு பெண்ணிடமும், கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத ஒரு ஆணிடமும் விடப்படுகிறது.

அந்தமானில் இந்தப் பிரச்சனை இன்னும் கூர்மையானது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். துறைமுகத்திலும் சாலையிலும் கட்டடத்திலும் உழைக்க வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள் எனப் பல தலைமுறைகள் இங்கே கலந்திருக்கின்றன. நம் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். அங்கே தாயும் பாட்டியும் அத்தையும் இருப்பார்கள். பத்தியச் சோறு முதல் பிள்ளைக்குக் கால் நீவுவது வரை யாராவது பார்த்துக்கொள்வார்கள். இராமநாதபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மணமாகித் தீவுக்கு வந்த பெண்ணுக்கு அந்தத் தாய்வீடு, கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் தொலைவில் இருக்கிறது. விமானக் கட்டணம் கூலித் தொழிலாளிக்கு எட்டாது. வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில், மொழி புரியாத அண்டை வீட்டாருக்கு நடுவே, அவள் தனியாகத்தான் குழந்தையைப் பார்த்தாக வேண்டும். குடும்பமும் உறவும் காலங்காலமாகக் கூலியின்றிச் செய்துவந்த வேலையை, உழைப்புச் சந்தை கலைத்துப் போட்டுவிட்டது. அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்பதே இங்குள்ள அரசியல் கேள்வி.

பயிற்சி பெற்ற ஒருவர் அந்த அறைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? குழந்தையின் எடையைப் பார்ப்பார். உடல் வெப்பத்தை அளப்பார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுவார். 60 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே மருத்துவமனை. நெஞ்சுக்குழி உள்வாங்குகிறதா, உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறதா, தொப்புளில் சீழ் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனைத் தண்ணீர் தொட்டு வைத்திருந்தால், பாட்டியின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வார். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கு, குழந்தையை மார்போடு எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தருவார். உதிரப்போக்கு அதிகமா, தையல் பிரிந்திருக்கிறதா, இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். “ஏன் எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறாய்?” என்று கேட்க அவர் ஒருவர்தான் இருப்பார். இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், கற்றறிந்த இரண்டு கைகள் போதும்.

இது கற்பனையும் அல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவ இணையர் 39 கிராமங்களில் இதைச் செய்து காட்டினார்கள். ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாகச் சென்று பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்கள். தொற்று கண்ட குழந்தைக்கு அப்பெண்களே ஊசி மருந்து செலுத்தினார்கள். மூன்றாம் ஆண்டில், இந்த ஏற்பாடு இல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டபோது, பச்சிளம் குழந்தைகளின் இறப்பு விகிதம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் லான்செட் ஏட்டில் இந்த ஆய்வு வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2009இல் வீட்டு வருகையை வலியுறுத்திக் கூட்டறிக்கை வெளியிட்டன. 2011இல் இந்திய அரசும் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தை அறிவித்தது.

அறிவித்த விதத்தில்தான் ஆட்சியாளர்களின் வர்க்கப் பார்வை வெளிப்படுகிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா ஊழியர் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை. இதற்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை மொத்தம் 250 ரூபாய். ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட இல்லை. அதையும் வேலை முடிந்த கையோடு தருவதில்லை. எடை பதிவாகியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும், 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். இவை அந்தப் பணத்துக்கான நிபந்தனைகள். நோயாளி பிழைத்தால்தான் சம்பளம் என்று எந்த அறுவை சிகிச்சை நிபுணருக்காவது இந்த நாட்டில் விதி உண்டா? 2018இல் வந்த இளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டமும் இதே அச்சில் வார்த்ததுதான்: 3ஆம் மாதம் முதல் 15ஆம் மாதம் வரை ஐந்து வருகை, வருகைக்கு 50 ரூபாய்.

ஏறத்தாழ 10 லட்சம் ஆஷா ஊழியர்களை 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கிப் பாராட்டியது, பிரதமரும் வாழ்த்தினார். ஆனால் அவர்கள் இன்றுவரை சட்டத்தின் கண்ணில் தொழிலாளர்கள் அல்ல, “தன்னார்வலர்கள்”. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசோ மாதாந்திர நிலையான ஊக்கத்தொகையை 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாயாக உயர்த்தியதோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறது.

ஆஷா ஊழியரே போனால் போதாதா, செவிலியர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நம் அணிகளிலும் இக்கேள்வி எழுவதுண்டு. ஆஷா ஊழியர் தெருவை அறிந்தவர், முதலில் ஆபத்தைக் கண்டுகொள்பவர். அவரால் தையலைப் பரிசோதிக்கவோ, அறுவை சிகிச்சைப் புண்ணுக்கு மருந்திடவோ முடியாது. அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. அந்தத் தாய்மார்களுக்குத் தேவை செவிலியரின் கண். ஆஷாவும் வேண்டும், செவிலியரும் வேண்டும், இருவரும் அரசின் நிரந்தர ஊதியப் பட்டியலில் வேண்டும். ஒருவரைக் காட்டி மற்றவரின் பணியிடத்தை விழுங்குவது முதலாளியின் பழைய தந்திரம்.

ஏழை நாட்டில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பவர்கள் பாக் நீரிணையைத் தாண்டிப் பார்க்கட்டும். இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பில், அங்குள்ள தமிழர்கள் குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கும் மருத்துவமாது, அரசின் சம்பளம் பெறும் ஊழியர். தன் பிரிவில் உள்ள கர்ப்பிணிகளை அவர் பெயர் சொல்லி அறிவார். பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் தேடி வருவார். தெற்காசியாவில் சிசு மரணம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை ஆனதில் இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே இலங்கையில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் ஆரோக்கியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் விடப்பட்டிருந்தது. அங்கே குழந்தைகளின் இறப்பு மற்ற பகுதிகளைவிட அதிகமாகவே நீடித்தது. ஒரே தீவு, ஒரே தட்பவெப்பம். வேறுபாடு, பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதில். கியூபா 1984இல் தொடங்கிய குடும்ப மருத்துவர், செவிலியர் முறையும், அமெரிக்கப் பொருளாதார முற்றுகைக்கு நடுவே இதையே நிரூபித்தது. அதற்கும் வெகு முன்பே, 1917 புரட்சிக்குப் பின் சமூகநல மக்கள் ஆணையராக இருந்த அலெக்சாண்ட்ரா கொலந்தாய், தாய்மையைக் காப்பது சோவியத் அரசின் கடமை என்று அதற்கெனத் தனித் துறையையே அமைத்தார்.

அந்தமான் நிக்கோபாருக்கு வருவோம். இது சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பிரதேசம். தேசிய சுகாதார இயக்கத்தில் மாநிலங்கள் 40 சதவீதம் போட வேண்டும் என்ற கணக்கு இங்கே இல்லை. முழுச் செலவும் ஒன்றிய அரசுடையது. மாநில அரசு நிதி தரவில்லை, ஒத்துழைக்கவில்லை என்று பழிபோட இங்கே ஆள் இல்லை. நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட (2011 கணக்கு) இத்தீவுகளில், ஒவ்வொரு பச்சிளங்குழந்தையின் வீட்டுக்கும் செவிலியரை அனுப்ப ஆகும் செலவு ஒன்றிய வரவுசெலவுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. பெரிய நிக்கோபாரில் காட்டை அழித்து, ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் வாழ்விடத்தைப் பறித்துத் துறைமுகமும் நகரமும் கட்ட 72,000 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டுகிறவர்களுக்கு இதற்கு மட்டும் பணம் இல்லையா? 2023இல் சுகாதார மையங்களுக்கு “ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்” என்று பெயர் சூட்டினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரை “ஸ்ரீ விஜயபுரம்” ஆக்கினார்கள். பெயர்ப் பலகை மாற்றுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

தமிழ்நாட்டில் நாம் மார்தட்டிக்கொள்ள முடியுமா? கிராம சுகாதார செவிலியர் என்ற பணியிடம் நம் மாநிலத்தின் பெருமை. ஆனால் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிக்மி இணையப் பதிவு, இன்னும் எத்தனையோ அறிக்கைகள் என்று அவர்களுடைய நாளில் பாதி கைப்பேசித் திரையில் கழிகிறது. தேர்வெழுதி வந்த செவிலியர்களை ஒப்பந்த அடிப்படையில் 7,700 ரூபாய்க்கு வேலை வாங்கியதால்தான் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தை அவர்கள் முற்றுகையிட்டார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தர 2021இல் ஒரு திட்டம் வந்தபோது, வீடு தேடிப் போவது அரசால் முடியும் என்பது தெளிவாயிற்று. ஆனால் அதிலும் வீடு வீடாகப் போகும் பெண்கள் தன்னார்வலர்கள் என்ற பெயரிலேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வருகை என்பது வீட்டுக்குள் நுழைவது. தெருமுனையில் நின்று அட்டையை வாங்கிக் கையெழுத்திடுவது வருகை ஆகாது. சாதி பார்க்கும் ஊரில் இந்த வேறுபாடு சிறியதல்ல. அடுத்து, வரும் செவிலியர் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கை நிரப்ப வந்தவராக இருக்கக் கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில் சுகாதார ஊழியரைக் கண்டாலே ஏழைகள் ஓடி ஒளிந்த வரலாறு நமக்கு உண்டு.

தோழர்கள் தங்கள் கிளைப் பகுதியிலிருந்தே இதைத் தொடங்க முடியும். கடந்த ஆறு மாதத்தில் குழந்தை பிறந்த வீடுகளின் பட்டியலை எடுங்கள். வாடகைக்குக் குடியிருப்போர், வெளிமாநிலத் தொழிலாளர், அட்டையே இல்லாதோர் ஆகியோரை விட்டுவிடாதீர்கள்; அரசின் பட்டியலில் முதலில் விடுபடுபவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு தாயிடமும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையை வாங்கி, பிரசவத்துக்குப் பிந்தைய வருகைகளுக்கான கட்டங்களில் எத்தனையில் தேதி எழுதியிருக்கிறது, உண்மையில் எத்தனை முறை ஆள் வந்தார் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அப்பகுதி ஆஷா ஊழியரையும் செவிலியரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை என்பதும், இவர்களுக்கு எத்தனை மாத நிலுவை என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கோடு சுகாதார நிலையத்துக்குப் போகும் குழுவில் அந்தத் தாய்மார்களும் இருக்கட்டும்.