நடை பழகுதலே முதற்பாடம்

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ், உருகுவேயின் மொண்டேவிடியோ ஆகிய இரு துறைமுக நகரங்களில், எளிய மக்கள் வாழ்ந்த பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகி, 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் ஸ்தானம் பெற்ற டாங்கோ நடனத்தைக் கற்கப் புகுபவருக்கு, கால்களைப் பின்னிச் சுழலும் சாகசங்களை முதல் வாரத்திலேயே புகட்டுவது பெரும் அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அந்த நடனத்தின் ஜீவன் நடையில் இருக்கிறது. உடலின் பாரம் முழுவதும் ஒரு காலில் நிலைபெற்ற பின்னரே மறுகால் தரையை உரசி நகர வேண்டும். வழிநடத்துபவர் தம் மார்பின் அசைவால் உணர்த்துகிற சங்கேதத்தை, பின்தொடர்பவர் முந்திவிடாமலும் பிந்திவிடாமலும் அந்தக் கணத்திலேயே கிரகித்துப் பின்னோக்கி அடியெடுத்து வைக்க வேண்டும். கைகளால் தள்ளுவதும் இழுப்பதும் கூடாது. இந்த நிதானம் மாதக்கணக்கில் நடந்து நடந்தே சித்திக்கும். ஆசிரியர்கள் மாணவரை இரு பாத்திரங்களையும் மாறி மாறி ஏற்கச் செய்வார்களாயின் இன்னும் விசேஷம். பிறரை நடத்த விரும்புகிறவர், நடத்தப்படுவது எத்தகையது என்பதைத் தம் உடம்பாலேயே அறிய வேண்டாமா? அரங்கில் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாகச் செல்வதால், நடை கைவராதவர் பின்னால் வருகிறவர்களின் வழியையும் அடைத்துவிடுகிறார்.