நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமா?

மலைப்பாதையில் இறங்கும்போது காரை நியூட்ரலில் விட்டால் மைலேஜ் கூடும் என்பது ஓட்டுநர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் சுழலும்வரை அந்தக் கார்களில் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருந்தது.

இன்றைய கார்களில் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். அதை ஆள்வது ஒரு சிறு கணினி. கார் கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு, இன்ஜின் சுழற்சியும் ஓர் அளவுக்கு மேல் இருந்தால், இன்ஜெக்டர் அறவே மூடிக்கொள்கிறது. சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுவதால், அணையாமல் இருப்பதற்கே இன்ஜின் பெட்ரோல் குடிக்க வேண்டியிருக்கிறது. சிறிய பெட்ரோல் கார் சும்மா நின்று உறுமுவதற்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆகும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் முக்கால் மணி நேரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், நியூட்ரலில் குறைந்தது 375 மில்லியாவது போய்விடும். கியரில் இறங்கினால், சுழற்சி குறையும் வளைவுகள் தவிர, பெரும்பகுதித் தூரத்துக்குச் செலவே இல்லை.

‘இன்ஜின் இரைகிறதே, அதிகம் குடிக்காதா?’ என்பார்கள். இரைச்சல் சுழற்சியின் அடையாளம். எரிபொருள் எரிவதன் அடையாளம் அல்ல.

டிஸ்பிளேயில் மைலேஜ் உச்சத்துக்குப் போவதைச் சாட்சியாகச் சொல்பவர்களும் உண்டு. நியூட்ரலில் 60 கி.மீ. வேகத்தில் மணிக்கு முக்கால் லிட்டர் செலவானால், கணக்கு லிட்டருக்கு 80 கி.மீ. என்று வரும். கியரில் செலவு பூஜ்யம், ஆகவே மைலேஜுக்கு எல்லையே இல்லை. பல கார்களின் டிஸ்பிளே 30, 50 போன்ற ஓர் எண்ணுக்கு மேல் காட்டாது. அதில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

‘ஃபுல் டேங்க் போட்டு அளந்து பார்த்தோம்’ என்பது இதைவிடக் கனமான வாதம். முறை சரியானதுதான்: டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஆனால் பங்கின் குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். கார் நிற்கும் சாய்வும் அதை மாற்றும். ஒரு மலைப் பயணத்தின் சில நூறு மில்லி வித்தியாசம் அந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போகும். ஒரே பங்க், ஒரே குழாய், தொடர்ந்து பல நிரப்புகள் என்று அளந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. டயரில் காற்று குறைந்திருப்பது போன்ற அன்றாட விரயங்களும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரு விதிவிலக்கை மறைப்பதற்கில்லை. மிக மெல்லிய சரிவில் கியர் காரை இழுத்துப் பிடித்து மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்க வைக்கும். அங்கே நியூட்ரல் கொஞ்சம் மிச்சம் தரலாம். பிரேக் மிதித்துக்கொண்டே இறங்கும் செங்குத்துப் பாதைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நியூட்ரலில் விட்டால் காரின் எடை முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்கும். சூடேறி, பிடிப்பு தளரும்.

இன்னும் ஒருபடி போய் இன்ஜினையே அணைத்து இறங்குபவர்களும் இருக்கிறார்கள். பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் சில மிதிப்புகளில் தீர்ந்து பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும். சாவியைத் தவறிப்போய் முழுதாகத் திருப்பினால் சில கார்களில் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் அவர்கள் செலவழிப்பது, அதே இறக்கத்தில் ஒழுங்காகக் கியரில் இறங்கும் கார் செலவழிக்கும் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஒரு சொட்டும் குறைவில்லை.