1,850 ரூபாவுக்காகக் கரைக்கு ஆள் அனுப்பியவர்களுக்கு

உடப்புக் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு தாயிடம், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய ஒருவர் 1,850 ரூபா கேட்டு நின்றிருக்கிறார். கடன் அறவிடும் நிறுவனத்தின் ஆளாம். அந்தத் தாய் லீசிங் எடுத்தவர் அல்லர்; வாரக்காசுக் குழு எதிலும் இல்லை. மாரிக் காய்ச்சலில் கிடந்த மகனைத் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனார். கவுண்டரில் கேட்ட 3,100 ரூபாவையும் அப்போதே கட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

மீதி இருக்கிறது என்று இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசி அழைப்பு. எதற்கான மீதி என்று கேட்டால் பதில் கிடையாது. பிறகு பக்கத்து வீட்டுக்கு அழைப்பு. கடைசியில், வலை இழுக்கும் ஆட்கள் பார்த்து நிற்க, கரைக்கே ஆள். இந்தக் கரையோரத்துப் பெண்களுக்கு அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் எத்தகைய அச்சம் என்பதை நுண்கடன் காலம் ஏற்கெனவே காட்டிவிட்டது. அதே அச்சத்தை வைத்தியத்தின் பெயரால் கொண்டுவந்ததை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பலமுறை கேட்ட பின் கொடுத்த பில்லை வாங்கிப் பார்த்தோம். முழுக்க ஆங்கிலம். எப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை இரண்டு தடவை, தடவைக்கு 650 ரூபா. டெங்கு அன்ரிஜன் 1,500 ரூபா. அதன் கீழே 'இதர சேவைகள்' என்று ஒரே வரியில் 2,150 ரூபா. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

தனியார் மருத்துவமனைகளும் ஆய்வுகூடங்களும் எப்.பி.சி.க்கு 400 ரூபாவுக்கும், டெங்கு அன்ரிஜனுக்கு 1,200 ரூபாவுக்கும் மேல் வாங்கக்கூடாது என்று 2023இல் வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்குப்படி மூன்று பரிசோதனைக்கும் 2,000 ரூபா. பில்லில் இருப்பது 2,800. கடன்காரி என்று துரத்தப்பட்ட பெண்ணுக்குத்தான் 800 ரூபா திரும்ப வரவேண்டும்!

சிறு தொகைதானே என்பவர்கள் டெங்குக் காய்ச்சலை வீட்டில் கண்டிருக்க மாட்டார்கள். குருதிச் சிறுதட்டு இறங்குகிறதா என்று திரும்பத் திரும்ப இரத்தம் பார்க்கவேண்டிய நோய் அது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை படுத்தால் கரைவலைப் பங்குக்காசு ஆய்வுகூடத்திலேயே கரைந்துவிடும். விலைக்கு வரம்பு கட்டியது அதற்காகத்தான். 1971இல் அரச வைத்தியசாலை வெளிநோயாளரிடம் 25 சதம் கேட்டபோதே வருவோர் தொகை விழுந்தது; 1977இல் அதை நீக்கவேண்டி வந்தது. சின்னக் காசும் ஏழையை வைத்தியசாலை வாசலிலிருந்து திருப்பி அனுப்பும் என்று இந்த நாடு அன்றே கண்டதல்லவா? பில்லுக்குப் பயந்து அடுத்த காய்ச்சலுக்கு ஒரு தாய் இரண்டு நாள் பொறுத்திருந்து பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

உண்மையாகவே கடன் இருந்தால் அதைக் கேட்க வழி உண்டு. 1988ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைச் சட்டம் இத்தகைய சிறு தொகைப் பிணக்குகளுக்கென்றே இருக்கிறது. அங்கே போனால் பில்லை விரித்துக் காட்டவேண்டும். 'இதர சேவைகள்' என்ன என்று சொல்லவேண்டும். அதனால்தான் போகவில்லை என்று நாம் கருதுகிறோம்.

அந்த நிலையம் 1,850 ரூபாக் கோரிக்கையை எழுத்தில் கைவிட வேண்டும். கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். 2,150 ரூபாவுக்கு வரிவரியாகத் தமிழில் கணக்குத் தரவேண்டும். விலைப்பட்டியலைக் கவுண்டரில் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கவிட வேண்டும். நுகர்வோர் சட்டப்படி விலையைக் காட்சிக்கு வைப்பது வியாபாரியின் கடமை, சலுகை அல்ல. புத்தளம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் சிலாபம் முதல் கற்பிட்டி வரை ஆய்வுகூடங்களின் பில் புத்தகங்களை அடுத்த மாரிக்கு முன் புரட்டிப் பார்க்கவேண்டும். இதுபோல் பில் வந்தவர்கள் பணத்தைக் கட்டிவிடாமல், பற்றுச்சீட்டோடு அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தாயைப் பலர் பார்க்கத்தான் கடன்காரியாக்கினார்கள். ஆகவே மன்னிப்புக் கடிதம் தபாலில் வரக்கூடாது. அனுப்பியவர்களே அதே கரைக்கு, வலை இழுக்கும் நேரத்தில், கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கவேண்டும்.