அகமதாபாத்தில் இருந்த டேப்பை லண்டன்காரர் "கண்டுபிடித்தாராம்"

'தி என்.ஐ.டி. டேப்ஸ்' ஆல்பம் 2023-இல் வந்தபோது நண்பர்கள் போட்ட ஸ்டேட்டஸ்களில் திரும்பத் திரும்ப வந்த சொல் "முத்து". ஆழத்திலிருந்து மூழ்கி எடுத்த முத்தாம். தூத்துக்குடிக்காரனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைஸர் வந்து இறங்கியது. ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். 1972 வரை கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சினிமாப் பாட்டு மாதிரி எதுவும் இல்லை. நீண்டு கிடக்கும் ரீங்காரம், கீச்சொலி, வெட்டி ஒட்டிய டேப். பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கான இசை என்று ஆல்பம் போட்டு 'ஆம்பியன்ட்' என்ற பெயரை நிலைநாட்டியது 1978-இல்தான். கீதா சாராபாயோ 1946-லேயே நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர்.

அந்த டேப்புகள் எந்தக் கடலிலும் மூழ்கவில்லை சாமி. அரசு நிறுவனத்தின் காப்பகத்தில், அலமாரியில் இருந்தன. லண்டனிலிருந்து பால் பர்காஸ் போய்க் கேட்டார், எடுத்தார், தொகுத்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அதைக் கேட்காமல் இருந்த நாம், லண்டன் முத்திரை விழுந்ததும் கைதட்டுகிறோம் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

முத்து உவமையும் தப்பு. சலாபத்தில் காலில் கல்லைக் கட்டி இறங்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. சிப்பியைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, நாற்றத்துக்கு நடுவே கழுவித்தான் முத்தை எடுப்பார்கள். இங்கே கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்துவிட்டது. யாரோ குளிக்க, விலையை வேறெங்கோ வைத்த கதை எங்களுக்குப் புதுசில்லை.

இன்னொரு கூட்டம் "கேட்டா சூப்பரா தூக்கம் வருது மச்சி" என்கிறது. டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டியவர்கள் உங்களுக்குத் தலையணை தைக்கவில்லை.

சரி, நான் மட்டும் என்ன கிழித்தேன்? துறைமுகத்துக் கப்பல் சங்கு, உப்பளத்து மோட்டார், எதுவுமே என் போனில் இல்லை. திரேஸ்புரத்தில் ஒரு பெரியவர், சங்கு குளித்தவர், "மேல வந்ததும் விடுற மூச்சு இருக்குல்லா, அதுக்கு ஒரு சத்தம் உண்டுலே" என்று சொல்லி, அதை விட்டும் காட்டினார். விசிலுக்கும் விம்மலுக்கும் நடுவே ஏதோ ஒன்று. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன், ரெக்கார்ட் பண்ணத் தோன்றவில்லை. "இன்னொரு தடவை வாரேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.