ஏலப் பசுமையும் கண்ணின் கணக்கும்
போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலை பருமனையும் பசுமையையும் பொறுத்தது. அப் பசுமையை மங்கிய கொட்டிலில் தரம் பிரிப்போர் தவறிவிட்டால், அவர்தம் கூலியிற் கைவைப்பது முறையோ? கண்ணின் கணக்கை அறிந்தோர் அவ்வாறு செய்யத் துணியார்.

விழித்திரையில் கோலணுக்களும் கூம்பணுக்களும் உள. ஒளி பட்டதும் அவற்றில் ஓடும் மின்னோட்டம் கூடுவதில்லை, குறைகின்றது! தேரையின் கோலணு ஒற்றை ஒளித்துகளுக்கும் துலங்குவதை 1979இல் பெய்லர், இலாம்பு, யாவு ஆகியோர் அளந்து காட்டினர். அத் துலங்கலின் எழுச்சியை 1992இல் இலாம்பும் பியூவும் சமன்பாட்டில் வடித்தனர்.

எந்நிறத் துகளை விழுங்கினும் ஓரணு தருவது ஒரே வகைத் துலங்கல்தான். நிறத்தை அது தனித்துணராது. மூவகைக் கூம்பணுக்களின் துலங்கல்களை ஒப்பிட்டே பச்சையும் வெளிறலும் பிரிக்கப்படுகின்றன. ஒளி குன்றக் குன்றக் கூம்பணுக்கள் தளர்ந்து, கோலணு ஒன்றே எஞ்சும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதனோடு எதனை ஒப்பிடுவது? கொழும்பச்சைக் காயும் வெளிறிய காயும் அப்போது பொலிவில் மட்டுமே வேறுபடும். பொலிவோ, காய்மேல் விழும் நிழலாலும் மாறும். மலைச்சரிவில் வைகறையிற் காய் பறிப்போர்க்கும் இதே நிலைதான்.

ஆகவே கொட்டிலில் நல்ல விளக்கிடுவது முதலாளியின் அருளன்று, கடன். வெயிலினின்று உள்ளே வருவோர்க்குக் கண் பழகச் சில மணித்துளிகள் விடுதலும் வேண்டும். அவற்றைக் கூலியிற் கழித்தல் ஆகாது.