கை சிவந்து அரிக்கிறதா? டியூப் வாங்கும் முன்...

பட்டரவாக்கத்திலும் அத்திப்பட்டிலும் மாலை ஷிப்ட் முடிந்து வருபவர்களின் கைகளைப் பார்த்தாலே தெரியும். விரல் இடுக்குகளில் சிவப்பு, புறங்கையில் வெடிப்பு, முழங்கை வரை சின்னச் சின்னக் கொப்புளங்கள். 1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி லேத், சிஎன்சி, முலாம் பூசும் பட்டறைகள் ஏராளம். ‘சூட்டு உடம்பு’ என்று பலரும் சொல்லிக்கொள்ளும் இந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் உடம்புச் சூடு காரணமல்ல. கையில் நாள் முழுவதும் படுகிற கூலன்ட்தான்.

தண்ணீரில் கலந்து ஊற்றும் கூலன்ட் காரத்தன்மை உள்ளது. நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை கொண்டது. எட்டு மணி நேரம் நனைந்தால் தோலின் இயற்கை எண்ணெய் கரைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத உலோகப் பிசிறு கீறியும் விடும். இதற்கு மேல், வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய், தின்னர், துணி சோப்புத் தூள் என்று கிடைத்ததைப் போட்டுத் தேய்ப்பார்கள். கூலன்ட் செய்ததைவிட இந்தக் கழுவல் செய்கிற கெடுதல் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

சிலருக்கு இது எரிச்சலோடு நிற்காமல் ஒவ்வாமையாகவும் மாறும். நிக்கல், குரோமியம், கூலன்ட் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள், ரப்பர் கையுறை இவற்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்க ‘பேட்ச் டெஸ்ட்’ இருக்கிறது. முதுகில் சிறு ஒட்டுகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்; பிறகு ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆறிய கை, வேலைக்குத் திரும்பியதும் மறுபடி சிவக்கிறது என்றால் காரணம் பட்டறையில்தான்.

‘கையுறை போட்டால் தீர்ந்தது’ என்பது பாதி உண்மை. சுழலும் லேத், டிரில் அருகே கையுறை போடவே கூடாது. துணி சிக்கினால் விரலே போய்விடும். மெஷின் நின்ற பிறகு துடைக்கும்போதும் கூலன்ட் மாற்றும்போதும் நைட்ரைல் கையுறை போடலாம். மென்மையான சோப்பில் கழுவி, ஈரம் துடைத்து, வாசலின் தடவுவது தினசரி வேலையாக வேண்டும்.

அடுத்தது மெடிக்கல் ஷாப் டியூப். கேட்டதும் கிடைக்கிற கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் இருக்கும். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும்; அதனால்தான் விற்கிறது. ஆனால் வந்திருப்பது படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் மறைத்துவிட்டுப் பூஞ்சையை வளரவிடும். வட்டத்தின் விளிம்பு அழிந்து, டாக்டருக்கே அடையாளம் குழம்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். முகத்தில் தடவியவர்களுக்கு நிறுத்தியதும் முகமே சிவந்து எரியும். கடைகளில் சீட்டின்றி விற்கப்பட்ட 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே தரவேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு மாற்றியது இதனால்தான். கடை வாசலில் அது எவ்வளவு நடக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது.

அதற்காக ஸ்டீராய்டு விஷமல்ல. கூலன்டால் வந்த அழற்சிக்கு, சரியான வீரியத்தில் சில நாட்கள் தடவ டாக்டரே எழுதித் தருவார். ஒரு கையில் மட்டும் செதில் உதிர்ந்து, கால் பாதங்களிலும் அதே போல இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு வாரக்கணக்கில் மருந்து தேவை. வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும்.

நம் மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். ஆறிய பிறகும் கறுப்புத் தடம் சில மாதம் நிற்கும். அதை நோய் என்று நினைத்து மறுபடி டியூப் போடத் தேவையில்லை. ஆனால் உணர்ச்சியற்ற சிவந்த படை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்; அது தொழுநோயாக இருக்கலாம், மருந்து இலவசம். காய்ச்சலோடு சூடாகப் பரவும் சிவப்பு, புதிய மாத்திரைக்குப் பின் வாய்ப்புண்ணோடு வரும் சிவப்பு இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி.

ரசாயனங்களால் வரும் தோல் அழற்சியை 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிக்கொள்ளலாம். போகும்போது பட்டறைக் கூலன்ட் கேனில் ஒட்டியிருக்கும் லேபிளையும், இதுவரை தடவிய டியூப்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.