சாமிவேலு: 34 ஆண்டுகள் ஜெயிக்கவைத்த தொகுதியே தோற்கடித்தது ஏன்?

மலேசியாவில் ரப்பர் தோட்டத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, அமைச்சர் நாற்காலி வரை உயர்ந்தவர் சாமிவேலு. 1974-ல் சுங்கை சிப்புட் தொகுதியில் எம்.பி. ஆனார். 1979 முதல் 2010 வரை ம.இ.கா எனும் மலேசிய இந்திய காங்கிரஸின் தலைவர். பொதுப்பணித் துறை அமைச்சராகவும் நீண்ட காலம் இருந்தார். கெடாவில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவர் முயற்சியில் உருவானது.

சர்ச்சைகளுக்கும் குறைவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் போட்ட 'மைக்கா ஹோல்டிங்ஸ்', எதிர்பார்த்த லாபத்தைத் தரவில்லை. அதற்கு வரவேண்டிய டெலிகாம் பங்குகள் வேறு நிறுவனங்களுக்குப் போனதாகப் புகார் எழுந்தது. முறைகேடு எதுவும் இல்லை என்றார் சாமிவேலு.

2007 நவம்பர் 25-ல் இந்தியர்கள் உரிமை கேட்டு கோலாலம்பூர் வீதிகளில் திரண்டார்கள். சாமிவேலு அரசின் பக்கமே நின்றார். அடுத்த ஆண்டே தேர்தல். தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போராடிவந்த டாக்டர் ஜெயக்குமாரிடம் தன் சொந்தத் தொகுதியில் தோற்றார்.

2022-ல், 86 வயதில் மறைந்தார். மலேசியத் தமிழர்கள் அவர் உருவாக்கிய பல்கலைக்கழகத்தையும் பேசுகிறார்கள். மைக்காவில் முடங்கிய பணத்தையும் பேசுகிறார்கள்.